ரிச்சி தெருவில் மறுவாழ்வுக் கருவிக்கு உதிரிபாகம்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

பக்கவாதத்தில் முடங்கிய கையை ஒரே அசைவில் நூறு, இருநூறு தடவை பழக்க ஒரு கருவி செய்ய வேண்டும். கையில் ஒரு வரைபடமும் கொஞ்சம் பணமும் இருக்கிறது. நரம்பியல் மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சியில் புதிதாகச் சேர்ந்த பயோமெடிக்கல் பொறியாளர் அந்த நிலையில் சென்னையில் போய் நிற்கிற இடம் ரிச்சி தெருதான். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சந்துகள். மொபைல் டிஸ்ப்ளே, சிசிடிவி, ஸ்பீக்கர், எல்இடி பட்டை, நடுநடுவே ஆர்டுயினோ என்ற சிறு கணினி போர்டும் சென்சாரும் தொங்கும் சிறு கடைகள். அந்தச் சந்தையின் மற்ற வியாபாரமெல்லாம் இங்கே பேச்சில்லை. நோயாளி கையில் மாட்டப்போகும் கருவிக்கு இந்தத் தெரு எதுவரை துணை வரும், எந்த இடத்தில் கைவிடும் என்பது மட்டுமே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேசைமேல் வைத்துப் பார்க்கும் முதல் மாதிரிக்கான சென்சார், மோட்டார், ஒயர், சுவிட்ச் எல்லாவற்றுக்கும் இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. காலையில் போனால் மாலைக்குள் அச்சு சுற்றும். ஆனால் கரன்ட் லைனுக்கும் நோயாளியின் தோலுக்கும் இடையில் உட்காரப்போகிற ஒரு பொருளைக்கூட இங்கே வாங்கக் கூடாது. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்தவருக்கு ரிச்சி தெரு பொக்கிஷம். தெரியாமல் போகிறவர் வாங்கிவரும் பையில் ஆபத்தும் சேர்ந்தே வரும்.

கோணம் அளக்கும் சென்சாரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்தத் தெரு சிறப்பாகச் செய்கிற காரியம் அது. மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க ஏஎஸ்5600 காந்த என்கோடர் (அச்சு சுற்றும் கோணத்தை எண்ணாகச் சொல்லும் சிப்) போர்டு போதும். 12 பிட், ஒரு சுற்றுக்கு 4096 படிகள், அதாவது ஒரு படிக்கு 0.088 டிகிரி. மறுவாழ்வுப் பயிற்சிக்கு இது தாராளம். பிழை போர்டில் வருவதில்லை, காந்தத்தில் வருகிறது. இந்த சிப்புக்கு வேண்டியது வட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய வில்லை: ஒரு பாதி வடக்கு, மறுபாதி தெற்கு. கடையில் “சின்ன ரவுண்டு மேக்னட்” என்று கேட்டால் வருவது மேல்பக்கம் வடக்கு, கீழ்ப்பக்கம் தெற்கு என்று இருக்கும் சாதாரண வில்லை. அதை மாட்டினால் சிப் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அச்சைச் சுற்றினால் எண் அர்த்தமில்லாமல் தாவும். புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடுவார்கள்.

இதைக் கவுண்டரிலேயே பத்து வினாடியில் கண்டுபிடிக்கலாம். ஒரே மாதிரி இரண்டு வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுங்கள். மேலே இருப்பதை விரலால் மெல்லத் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் சாதாரண வில்லை. திருப்பத் திருப்ப எதிர்த்து, விட்டவுடன் வெடுக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பினால் அதுதான் நமக்கு வேண்டியது. 6 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதை சிப்பிலிருந்து 0.5 முதல் 3 மில்லிமீட்டர் தூரத்தில், அச்சின் மையம் பிசகாமல் ஒட்ட வேண்டும். எஃகு அச்சின் முனையில் நேரே ஒட்டாமல் பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தொப்பி ஒன்றில் பதித்து ஒட்டுங்கள், எஃகு காந்தப்புலத்தை இழுத்துக்கொள்ளும். ஒன்று மறக்க வேண்டாம்: ஏஎஸ்5600-இன் ஐ2சி (சிப்புகள் இரண்டே ஒயரில் பேசிக்கொள்ளும் முறை) முகவரி மாற்ற முடியாதது. மணிக்கட்டுக்கு ஒன்று, முன்கைக்கு ஒன்று என்று இரண்டை ஒரே பஸ்ஸில், அதாவது ஒரே ஜோடி ஒயரில் கோத்தால் இரண்டும் ஒரே குரலில் பேசும். நடுவில் ஒவ்வொன்றாக முறைவைத்துப் பேசவிடும் டிசிஏ9548 மல்டிபிளெக்சர் போர்டு வைக்க வேண்டும், அதுவும் அதே தெருவில் கிடைக்கும்.

உடலில் கட்டும் அசைவு சென்சார் விஷயத்தில் கொஞ்சம் உஷார் வேண்டும். எம்பியு6050 போர்டு எந்தக் கடையிலும் மலிவு, பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். அதில் காந்தமானி இல்லாததால் நிமிடங்கள் போகப் போக கிடைமட்டத் திசை நழுவும், கை தூக்குவது இறக்குவதற்கு அது பரவாயில்லை. திசையும் வேண்டும் என்று எம்பியு9250 கேட்டு வாங்கும்போதுதான் ஏமாற்றம். காந்தமானியே இல்லாத எம்பியு6500 சிப்பைப் போட்டு 9250 என்று எழுதிய போர்டுகள் நிறைய உலவுகின்றன. ஒரு ஆர்டுயினோவையும் பவர் பேங்கையும் கையோடு எடுத்துப் போய், சிப்பின் அடையாள ரிஜிஸ்டரைக் கடையிலேயே படித்துப் பாருங்கள். ஹெக்ஸில் 71 வந்தால் 9250. 70 வந்தால் 6500, திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. “செக் பண்ணியே எடுத்துக்கோங்க தம்பி, வீட்டுக்குப் போய்ட்டு வந்து கேட்காதீங்க” என்பதுதான் அங்கே எழுதப்படாத சட்டம். விற்ற பொருள் திரும்பாது, ஆனால் விற்கும் முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சோதிக்க விடுகிற பெருந்தன்மை பல கடைகளில் உண்டு. இந்த ஒரு குணத்துக்காகவே ஆன்லைனை விட இந்தத் தெரு மேல்.

பிடிப்பு வலிமை அளக்க, விசையை மின்சமிக்ஞையாக்கும் லோட் செல்லும் அதைப் படிக்கும் எச்எக்ஸ்711 போர்டும் வாங்குவார்கள். லோட் செல் நல்லதே, 20 கிலோ அளவுள்ள அலுமினியப் பட்டை போதும். போர்டில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சிப் வினாடிக்கு 80 முறை அளக்கக்கூடியது, பெரும்பாலான போர்டுகளில் 15-ஆவது காலைத் தரையோடு இணைத்தே அனுப்புகிறார்கள், அதனால் வினாடிக்கு 10 முறைதான் வரும். எடைத் தராசுக்கு அது போதும். நோயாளி பிடியை எவ்வளவு வேகமாக விடுகிறார் என்று பார்க்கப் போதாது. அந்தக் காலை மட்டும் சால்டரிங் முனையால் தூக்கி, மின்வழங்கல் பக்கம் ஒரு நூல் ஒயரால் கட்டினால் 80 ஆகும். கை நடுங்காதவர் செய்ய வேண்டிய வேலை. தட்டையான அழுத்த சென்சாரும் வளைவு சென்சாரும் வாங்குவதைத் தவிர்க்கலாம். பிடித்த பிடியை அப்படியே வைத்திருந்தாலும் அளவு மெல்ல ஏறிக்கொண்டே போகும், வளைவு சென்சார் அடிப்பகுதியில் சில நூறு மடக்கலில் விரிசல் விடும். பார்ப்பதற்கு அழகான கையுறை மாதிரி வரும், அளவீடாக எதுவும் தேறாது.

தசை மின்னலைக்கு, அதாவது தசை சுருங்கும்போது எழும் மெல்லிய மின்சார அலைக்கு (ஈஎம்ஜி) வருவோம். இங்கேதான் ரிச்சி தெருவில் அதிகப் பணம் வீணாகிறது. “ஈஎம்ஜி சென்சார்” என்று கேட்டால் பாதி கடைகளில் ஏடி8232 போர்டை எடுத்து நீட்டுவார்கள். அது இதயத்துடிப்புக்கான போர்டு. அதில் பொருத்திய வடிகட்டி 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரைதான் உள்ளே விடும். தசை மின்னலையின் பயனுள்ள பகுதி 20 முதல் 450 ஹெர்ட்ஸ். அதாவது நமக்கு வேண்டியதில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர் ஆடுவதால் வரும் மெதுவான அசைவை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். திரையில் கோடு குதிப்பதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நம்பிவிடுவார்கள். குதிப்பது தசையில்லை, ஒயர்.

ஆரோக்கியமானவர் முஷ்டியை இறுக்கினால் சில மில்லிவோல்ட் வரும். பக்கவாதம் வந்த கையில் விரல் நீட்டும் தசை முயற்சி செய்யும்போது அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும், சிலரிடம் விரல் அசையாமலேயே அந்த மெல்லிய அலை மட்டும் வரும். அந்த அலையைப் பிடித்து, “நீங்கள் முயற்சி செய்தது தெரிந்தது” என்று மோட்டாரை அசைத்துக் காட்டுவதுதான் இந்தக் கருவியின் உயிர். ஆர்டுயினோ யூனோவின் 10 பிட் அளவீட்டில் ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். அரை மில்லிவோல்ட் அலையை ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் நூறு படி உயரம் வரும். பெருக்கும்போது சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே பெருகும். இதற்கு 24 பிட் ஏடிஎஸ்1292 சிப் வைத்த போர்டு சரியான தேர்வு. ரிச்சி தெருவில் அது அபூர்வம், ஆன்லைனில் வரவழைப்பதே வழி. வினாடிக்கு 1000 மாதிரிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். இஎஸ்பி32 போர்டில் அளப்பதாக இருந்தால் வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியின் (அலையை எண்ணாக்கும் பகுதி) கால்கள் வேலை செய்யாது, 32 முதல் 39 வரையுள்ள கால்களைப் பயன்படுத்துங்கள்.

எலக்ட்ரோடு ஒட்டுப்பட்டையை இந்தத் தெருவில் வாங்கவே வேண்டாம். சென்சாரோடு இலவசமாகத் தரும் பாக்கெட் எப்போது பிரித்ததோ தெரியாது, ஜெல் காய்ந்து தகடாகியிருக்கும். பார்க் டவுன் பக்கம் சர்ஜிக்கல் கடைகளில் காலாவதி தேதி அச்சிட்ட மூடிய பாக்கெட்டாக வாங்குங்கள், வெள்ளி-வெள்ளி குளோரைடு வகை. பெரியவர்களுக்கான ஈசிஜி ஒட்டுப்பட்டை சுமார் 5 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். தசைக்கு இரண்டு எலக்ட்ரோடுகளின் மையங்களுக்கு இடையே 2 சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். அதனால் குழந்தைகளுக்கான சிறிய அளவைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஓரத்து ஸ்பாஞ்சைக் கத்தரியால் வெட்டி ஒட்டலாம். மூன்றாவது எலக்ட்ரோடு முழங்கை முனை எலும்பில். சென்னை வேர்வைக்கு ஸ்பிரிட் தடவி முழுசாக உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மின்விசிறிக்குக் கீழே, ஏசி இல்லாத பிசியோதெரபி அறையில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓரம் தாங்காது, அதற்குமேல் வரும் பதிவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்தது மோட்டார். தெருவில் எங்கு பார்த்தாலும் 12 வோல்ட் ஜான்சன் கியர் மோட்டார், 100 ஆர்பிஎம். பலமான மோட்டார்தான், கையால் அச்சைத் திருப்பிப் பாருங்கள், அசையாது. இந்த இடத்தில்தான் மறுவாழ்வுக் கருவி மற்ற ரோபோவிலிருந்து பிரிகிறது. ரோபோ வண்டிக்கு மோட்டார் பிடிவாதமாக இருக்கலாம். நோயாளி கைக்கு மோட்டார் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். உள்ளே இருக்கும் மோட்டார் 18,000 சுற்று என்றால் 100-க்குக் குறைக்க கியர் விகிதம் 180. வெளியிலிருந்து திருப்புபவருக்கு மோட்டாரின் சடத்துவம் (அசைய மறுக்கும் தன்மை) விகிதத்தின் வர்க்கமாகத் தெரியும், 180-ஐ 180-ஆல் பெருக்கினால் 32,400 மடங்கு. அந்த கியர் உராய்வும் சேர்ந்துகொண்டால், நோயாளி தானாக விரலை நீட்ட முயன்றாலும் கருவி சுவர் மாதிரி நிற்கும். அவருடைய முயற்சி கருவிக்குத் தெரியாது, கருவி இழுப்பதை அவர் வேடிக்கை பார்ப்பார், மூளை எதையும் கற்காது. தசையின் விறைப்பு திடீரென்று கூடும்போது இன்னும் மோசம், கை ஒரு பக்கம் இழுக்க மோட்டார் மறுபக்கம் இழுக்கும்.

புதுப்பேட்டைக்கு நடந்து போய் கார் வைப்பர் மோட்டார் வாங்கிவருகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. உள்ளே இருப்பது புழு கியர், வெளியிலிருந்து திருப்பவே முடியாது. பொம்மை சர்வோ மோட்டாரும் அப்படித்தான், கோணத்தைச் சொன்னால் அந்தக் கோணத்துக்குச் சண்டை போட்டாவது போகும். கேட்க வேண்டியது குறைந்த கியர் விகிதமுள்ள, பழைய பிரின்டரிலோ தொழிற்சாலை இயந்திரத்திலோ கழற்றிய பெரிய டிசி மோட்டார். மீரான் சாகிபு தெருப் பக்கம் பழைய சாமான் விற்பவர்களிடம் பொறுமையாகத் தேடினால் என்கோடரோடு சேர்ந்தே சிலசமயம் மாட்டும். கவுண்டரில் செய்யும் சோதனை எளிது: அச்சில் 8 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு ஸ்கேலைக் கட்டி, ஒரு விரலால் திருப்புங்கள். பிசகாமல், சொரசொரப்பு இல்லாமல் திரும்பினால் எடுங்கள். எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதற்கும் அதே ஸ்கேல் கணக்கு: 8 சென்டிமீட்டர் நெம்புகோலில் ஒரு கிலோ இழுத்தால் 8 கிலோ-சென்டிமீட்டர், சுமார் 0.8 நியூட்டன் மீட்டர். கைக்கருவிக்கு இதை ஒட்டித் தொடங்கலாம்.

சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூட்டோ கருவி இந்தத் தேர்வுக்கு நல்ல பாடம். ஒரே ஒரு மோட்டார். மணிக்கட்டை மடக்க ஒன்று, பக்கவாட்டில் அசைக்க ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, விரல்களை விரிக்க ஒன்று என்று கைப்பிடிகளை மட்டும் மாற்றி மாட்டிக்கொள்ளலாம். நான்கு மலிவு மோட்டார் வாங்கும் பணத்தை ஒரே நல்ல மோட்டாரில் போட்டு, மற்றதை இயந்திரவியலால் தீர்த்த புத்திசாலித்தனம் அது. உதிரிபாகப் பட்டியல் எழுதும் ஒவ்வொருவரும் அந்தக் கருவியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக் கட்டுப்படுத்தும் டிரைவராக எல்298 போர்டைத் தள்ளிவிடுவார்கள். ஒரு ஆம்பியருக்கே ஏறக்குறைய இரண்டு வோல்ட்டை அது சூடாக விழுங்கிவிடும். 12 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 10 தான் போகும். பிடிஎஸ்7960 போர்டு நல்லது, அட்டையில் போட்டிருக்கும் 43 ஆம்பியரை நம்ப வேண்டாம், நமக்குத் தேவை மூன்று நான்குதான். மின்னோட்டம் அளக்க ஐஎன்ஏ219 வாங்குங்கள், 3.2 ஆம்பியர் வரை அளக்கும், முறுக்கு விசையை அதிலிருந்து கணக்கிடலாம். மோட்டாரும் தசை மின்னலைப் பதிவும் ஒரே கருவியில் இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. ஆர்டுயினோ யூனோவின் பிடபிள்யூஎம் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து மோட்டாரைக் கட்டுப்படுத்தும் முறை) இயல்பாக 490 ஹெர்ட்ஸில் ஓடும், தசை அலையின் விளிம்பிலேயே அந்த இரைச்சல் வந்து உட்காரும். 20,000 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டால் காதுக்கும் கேட்காது, பதிவிலும் கலக்காது.

இனி மின்வழங்கல். இந்த மதிப்பீட்டில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள். சிசிடிவிக்கும் எல்இடிக்கும் விற்கும் 12 வோல்ட் அடாப்டர் ரிச்சி தெருவில் அள்ள அள்ளக் கிடைக்கும். அதற்குள் மெயின்ஸ் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கும் ஒரு சிறிய ஒய் கெப்பாசிட்டர் இருக்கும். அது 2.2 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே 160 மைக்ரோ ஆம்பியர் வரை கசியலாம். நோயாளி உடலோடு இணையும் பிஎஃப் வகைக் கருவிக்கு, மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1 தரம் சாதாரண நிலையில் அனுமதிப்பது 100 மைக்ரோ ஆம்பியர். அதாவது எதுவும் பழுதாகாமல், எல்லாம் சரியாக இருக்கும்போதே எல்லை தாண்டிவிடும். மலிவு அடாப்டரில் அந்தக் கெப்பாசிட்டர் ஒய் வகையாகவே இல்லாமல் சாதாரண வகையாக இருந்து ஷார்ட் ஆனால், 230 வோல்ட் நேராக எலக்ட்ரோடுக்கு வரும். பக்கவாதம் வந்த கையில் உணர்ச்சி குறைந்திருக்கும். ஷாக் அடிக்கிறது என்று சொல்லக்கூட அவரால் முடியாமல் போகலாம், பேச்சும் போயிருக்கலாம். அப்படிப்பட்டவர் கையில் எதை மாட்டுகிறோம் என்று ஒவ்வொரு இணைப்பின்போதும் நினைக்க வேண்டும்.

சார்ஜரில் மாட்டிய லேப்டாப்பும் இதே கதைதான். “யூஎஸ்பி ஐசொலேட்டர் போட்டுவிட்டேன்” என்பார்கள், லேப்டாப்பையும் கருவியையும் மின்சாரத்தில் பிரித்துவைக்கும் போர்டு அது. அங்கே கிடைக்கும் போர்டில் ஏடியுஎம்3160 சிப் 2,500 வோல்ட் தாங்கும், பக்கத்தில் இருக்கும் பி0505 டிசி-டிசி மாற்றி ஆயிரம் வோல்ட்தான் தாங்கும். சங்கிலியின் பலம் பலவீனமான கண்ணியில். மேசைமேல் அளக்கும் வேலைக்கு அது போதும், நோயாளிக்குப் போதாது. ஆய்வகத்தில் சக ஊழியர் கையில் சோதிப்பதானாலும் பேட்டரி, வைஃபை அல்லது புளூடூத், சார்ஜர் கழற்றிய லேப்டாப் என்ற மூன்றையும் விடக் கூடாது. மருத்துவமனைக்குப் போகும் மாதிரிக்கு மருத்துவத் தரச் சான்றுள்ள அடாப்டரை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்க வேண்டும். விலை பல மடங்கு, அதில் பேரம் இல்லை.

பேட்டரியும் தெருவின் பலவீனம். 18650 செல்லில் 9,800 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் தூரமாக வையுங்கள். பெரும்பாலான நல்ல தயாரிப்புகளே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. கையில் எடுத்தால் நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது, 30 கிராம் செல்லுக்குள் பாதி காலி. பவர் பேங்க் பயன்படுத்தினால் தசை மின்னலை போர்டு இழுக்கும் சொற்ப மின்னோட்டத்தைச் சுமை இல்லை என்று நினைத்து அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் ரகங்கள் உண்டு, கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். சென்சாருக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றால் மின்வழங்கலுக்கு ஒன்றுதான்.

மின்சாரத்தால் தசையைத் தூண்டும் கருவி பற்றியும் கேட்பார்கள், ஏனென்றால் மசாஜர் என்ற பெயரில் தெருவில் அது தொங்குகிறது. கால் பாதம் தொங்குபவருக்குக் குதிகால் சுவிட்ச் வைத்துத் தூண்டும் யோசனை 1961-இல் மருத்துவர் லிபர்சன் செய்து காட்டியது. அந்தக் குதிகால் சுவிட்சை ரிச்சி தெருவில் வாங்கலாம், தூண்டும் பெட்டியை வாங்கக் கூடாது. 20 முதல் 50 ஹெர்ட்ஸ், 200 முதல் 300 மைக்ரோ வினாடி துடிப்பு, இருதிசையிலும் சமமான மின்னூட்டம் என்பதையெல்லாம் அந்தப் பெட்டி காக்கிறதா என்று ஆசிலோஸ்கோப் இல்லாமல் தெரியாது. மின்னூட்டம் சமமில்லாவிட்டால் தோலுக்கடியில் மெல்ல ரசாயனப் புண் ஆகும். ஒட்டுப்பட்டை பாதி பெயர்ந்தால் அதே மின்னோட்டம் பாதிப் பரப்பில் பாய்ந்து தீக்காயம் ஆகும். பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

ஒயர் விஷயம் சின்னதாகத் தோன்றும், பயிற்சி நடுவில் கருவி நிற்பதற்கு முதல் காரணம் அதுதான். ரிப்பன் ஜம்பர் ஒயரின் முனையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. உள்ளே ஏழெட்டு நூல்தான் இருக்கும், கை ஐம்பது தடவை அசைந்தால் ஒன்றொன்றாக அறுந்து “டச் விட்டு டச் வரும்”. பட்டையோடு அசையும் இடங்களுக்கெல்லாம் சிலிக்கான் உறையுள்ள மெல்லிய ஒயர் மீட்டர் கணக்கில் கேளுங்கள். இணைப்பான்களைப் பூட்டு உள்ள ரகமாக வாங்குங்கள். இந்த இரண்டும் தெருவில் நல்ல தரத்தில், நியாயமான விலையில் கிடைக்கும்.

எமர்ஜென்சி சுவிட்ச், காளான் தலை, 22 மில்லிமீட்டர் துளை, கட்டாயம். தொழிற்சாலை சுவிட்ச் விற்கும் கடையில் “என்சி கான்டாக்ட் கொடுங்கண்ணே” என்று கேட்டு வாங்க வேண்டும், அழுத்தினால் இணைப்பு அறுவது அது. சொல்லாவிட்டால் அழுத்தினால் இணையும் என்ஓ கட்டையையும் மாட்டித் தந்துவிடுவார்கள். அதை ஆர்டுயினோவுக்குச் சமிக்ஞையாகக் கொடுக்காமல் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே அறுக்கும்படி கோக்க வேண்டும். புரோகிராம் தொங்கிப்போன நேரத்தில்தான் அது தேவைப்படும். நோயாளியின் நல்ல கை எட்டும் பக்கம் வையுங்கள். கூடவே அலுமினியத் துண்டில் இயந்திரத் தடை ஒன்று, மணிக்கட்டு தாண்டக் கூடாத கோணத்தில். மென்பொருள் எல்லையை நம்பி அந்தத் துண்டைத் தவிர்ப்பவர்கள் உண்டு, தவிர்க்காதீர்கள்.

பட்டைக்கு வெல்க்ரோ பாரிமுனையில், தோல் துண்டும் தையலும் பெரியமேட்டில். 5 சென்டிமீட்டர் அகலம், கொக்கிப் பக்கம் தோலைத் தொடாமல், ஒரு முனையில் டி வளையம் வைத்துத் தைத்தால் நோயாளி ஒற்றைக் கையால் இழுத்துக் கட்டிக்கொள்வார். கழற்றியபின் சிவப்புத் தழும்பு 20-30 நிமிடத்தில் மறையவில்லையா, அந்த இடத்தில் மெத்தை மாற்ற வேண்டும். கைப்பிடியை 3டி பிரின்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடித்தால் மே மாதத்தில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், 60 டிகிரியில் அது இளகும்.

பில் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆராய்ச்சித் திட்டப் பணத்தில் வாங்குகிறவர் ஜிஎஸ்டி எண்ணோடு, ஒவ்வொரு பொருளின் பெயரோடு பில் கேட்க வேண்டும். “எலக்ட்ரானிக் ஐட்டம்ஸ் - 1” என்று எழுதிய துண்டுச்சீட்டு கணக்குப் பிரிவில் செல்லாது. ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதிலிருந்து கைக்காசு போட்டு வாங்கி, பில் சரியில்லாமல் திரும்பப் பெற முடியாமல் போகும் இளைஞர்கள் இந்தத் துறையில் ஏராளம். பில் போட்டால் வரி சேரும் என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுவார், பேரத்தை அந்த விலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். மேலும் 2017 மருத்துவக் கருவி விதிகளின்கீழ் பின்னால் உரிமம் கேட்டுப் போகும்போது எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்ற பதிவு வேண்டும். தெருவில் வாங்கிய பாகம் அந்தப் பட்டியலில் ஏறாது. அதனால் மாதிரி ஓடத் தொடங்கியதுமே அதே எண்ணுள்ள பாகங்களை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் மறுபடி வாங்கி, பழைய மாதிரியைச் சோதனை மேசையோடு நிறுத்திவிட வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பிறகு நோயாளி அறைக்குள் நுழைவது இரண்டாவது மாதிரிதான்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம், சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையமும் பக்கம்தான். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே அரைமணி போய்விடும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் அடைப்பு. வாரநாளில் பதினொரு மணிக்குப் போனால் கடைகள் திறந்திருக்கும், கூட்டம் சேர்ந்திருக்காது, சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் தேங்கும், போர்டுகளை மூடிய டப்பாவில் எடுத்துவாருங்கள். ஒவ்வொரு சென்சாரிலும் இரண்டு வாங்குங்கள். ஒன்று முதல் நாளே புகையும்.